நின்றுகொண்டே ஆண்ட பலவேசம்

இதைக் கேட்கப்போகிறவர் முன்னதாக அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றை அறியாமல் உள்ளே வருபவர், இலை போடுமுன் பந்தியில் அமர்ந்தவரைப்போலச் சங்கடப்பட நேரும். ஆகவே அவற்றை முறைப்படி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இது ஒரு சொல்லைப் பற்றியது. சிங்க உருவங்கள் தாங்குகிற இருக்கையில் ஒரு மன்னன் முதன்முதலாக அமர்ந்து ஆட்சியைத் தொடங்குவதைக் குறிக்கும் சொல் அது. இந்நேரம் உங்கள் நாவில் அது வந்திருக்கும். வந்தது அங்கேயே இருக்கட்டும். அச்சொல் எங்கள் ஊருக்குத் திரும்பிவந்து ஒலித்த இடத்தில்தான் நான் அதை எழுதுவேன், ஏனெனில் இல்லாத ஒன்றை இருந்ததுபோல் எழுதும் பழக்கம் எனக்கில்லை.

அடுத்து, அச்சொல்லின் வழக்கு. அகராதிகள் அதை மன்னர்க்கே உரியதாக வைத்திருக்கின்றன. தென்காசிச் சாலையில், மலைச்சாரலுக்கும் பெரிய குளத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் நெடுங்கரையில் மன்னர் எவரும் இருந்ததில்லை. முன்னொரு காலத்தில் ஒரு மன்னரின் படை இவ்வழியே சென்றபோதுகூடக் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு நிற்காமல் போயிற்று என்பதே எங்கள் ஊரின் அரச வரலாறு. ஆயினும் அச்சொல் நெடுங்கரையில் புழங்கிய அளவுக்கு எந்தத் தலைநகரிலும் புழங்கியிராது. ஆட்டோ ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலாளர் வந்தால் அச்சொல், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பொருளாளர் வந்தால் அச்சொல், ஆறாம் வகுப்புக்குத் தலைவி வந்தால் அச்சொல், ஒரு வீட்டில் மாமியார் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்தாலும் அச்சொல், காவல் நிலைய வாசலில் பழைய நாய் செத்துப் புதிய நாய் படுத்தாலும் அச்சொல் என்று, பேருந்து நிலையம் முதல் குளத்துக்கரை வரை பிளக்ஸ் பேனர்களில் அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள். ஊர் என்னைத் தமிழம்மா என்றழைக்கிறது. இந்த வழக்கை நான் ஒருமுறை கண்டித்தேன். ஆட்டோ சங்கச் செயலாளர் சங்கரபாண்டி சொன்னார்: "ராசாக்கமாரு யாரும் இப்ப இல்லல்லா, தமிழம்மா. நல்ல வார்த்தை சும்மாத்தான கெடக்கு, எடுத்துக் கட்டிக்கிட்டா என்ன?" பூட்டிக் கிடக்கிற வீட்டின் முருங்கைக்காயைப் பறிப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் அது. அதற்கு மறுமொழி எந்த நூலிலும் இல்லை.

இறுதியாக, ஊர் வழக்கம். ஊராட்சித் தலைவராகத் தேர்வு பெற்றவர் அதிகாரியின் முன் உறுதிமொழி எடுத்தபின், அலுவலகத்தின் படியில் எந்தப் பதவியையும் விரும்பாத ஒருவர் நின்று, இன்னார் இன்ன பதவியில் என்று தொடங்கி அச்சொல்லில் முடியும் ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கூடியிருப்போர் அச்சொல்லின் பின்பாதியை மும்முறை முழங்க வேண்டும். சொல்லும் முழக்கமும் இரண்டும் நிகழும்வரை அவர் நாற்காலியில் அமரலாகாது. வாக்கியம் சொல்லும் பணி பள்ளியின் தமிழாசிரியருக்கு உரியது. எனக்கு முன்பிருந்தவர் சொன்னார். அவருக்குப்பின் நான் சொல்கிறேன். அது மரியாதையன்று, வேலை.

இவற்றை அறிந்துகொண்டவர் இனிப் பலவேசத்தை அறிந்துகொள்ளலாம்.

பலவேசம் பேருந்து நிலையத்தருகே பிளக்ஸ் அச்சிடும் கடை வைத்திருந்தவர். அதற்கும் முன்பு, இளமையில், அம்மன் கோயில் கொடைவிழாவில் ஆண்டுதோறும் நடக்கிற நாடகத்தில் கட்டியக்காரராக நின்றவர். நாடிழந்து, காடலைந்து, பிச்சையெடுத்து, பொழுது விடிகிற வேளையில் நாட்டை மீட்டுவருகிற மன்னனின் முன்னால் கோலை ஊன்றி நின்று, அந்த வாக்கியத்தை அவர் தொண்டை திறந்து சொன்னால் குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறக்கும். மன்னனாக ஆண்டுதோறும் அமர்ந்தவர் தளவாய் என்ற ஊர்க்காரர், ஏனெனில் சிங்கம் வைத்த நாற்காலி தளவாய் வீட்டுடையது. பின்னர் அதே தளவாய் ஊராட்சித் தலைவராகவும் திரும்பத் திரும்ப வந்தார். அவருக்கான பேனர்களைப் பலவேசமே அச்சிட்டார். இவ்வாறு தம் வாழ்நாளில் ஊரின் பாதியை நாவாலும் மீதியை அச்சாலும் உயரத்தில் வைத்த அவருக்கு, அந்த வாக்கியம் தமக்கென்று ஒருமுறை சொல்லப்பட்டுக் கேட்கவேண்டும் என்ற ஆசையொன்று மட்டுமே இருந்தது. அதற்காக அவர் தேர்தலில் நின்றார், தோற்றார், மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார்.

"கட்டியக்காரனுக்கு எவன் கட்டியம் சொல்லுவான்? சும்மா கெடங்க" என்பார் அவர் மனைவி ஆவுடையம்மாள்.

"ஒருவாட்டி என் பேரோட சேத்து அதைக் கேட்டுட்டாப் போதும், ஆவுடை. பொறவு பதவியை வேணும்னா தளவாய் அண்ணாச்சியே வச்சுக்கிடட்டும்."

தலையில் ஒரு மயிரும் இல்லாத அவர் சீப்புச் சின்னத்தில் நின்ற தேர்தலில், ஊர் சிரித்துக்கொண்டே வாக்களித்து அவரை வெல்ல வைத்தது.

உறுதிமொழி எடுக்கும் நாளில் சாரல் தூறியது. பலவேசம் தமக்காகத் தாமே அச்சிட்ட பேனர் பேருந்து நிலையத்தில் சினிமாத் தட்டியையும் மறைத்து நின்றது. அதில் அவருடைய மீசையைக் கணினி அவர் அறிந்தே பெரிதாக்கியிருந்தது. வெளியூர் அதிகாரி வந்து உறுதிமொழி வாசித்துவிட்டுப் போனார். புதுத் துண்டு விரித்த நாற்காலி படியின் மேல் காத்திருந்தது. நான் படியில் நின்று, "நெடுங்கரை ஊராட்சியின் தலைவராகத் திருமிகு பலவேசம்" என்று சொல்லி, அடுத்த சொல்லை எடுக்கப் போனேன். அது அங்கே இல்லை.

மறந்துவிட்டேன் என்று எண்ணலாகாது. மறதி என்பது இருட்டறை. துழாவினால் ஏதாவது கையில் படும். இதுவோ நல்ல வெளிச்சத்தில் துடைத்து வைத்த காலி அலமாரி. அச்சொல்லின் பொருள் இருந்தது, வழக்கு இருந்தது, எங்கெங்கு ஆளப்பட்டது என்பதும் நினைவில் இருந்தது. சொல் மட்டும் இல்லை. நான் கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டமும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. எடுத்துக்கொடுக்க முன்வந்தவர்கள் அனைவரும் எடுக்கப் போன இடத்தில் ஒன்றுமில்லாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது முப்பிடாதி (ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடை நடத்துகிறவர்) பேருந்து நிலையப் பக்கம் கைகாட்டினார். பலவேசத்தின் பேனரில், அவர் பெயருக்குக் கீழே, நெடுநாள் தொங்கிய காலண்டரைக் கழற்றிய சுவர்போல, ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. எல்லாப் பேனர்களிலும் அது இருந்தது.

"ஏறினார்!" என்று கூட்டத்தில் எவரோ துணிந்து கத்தினார். பின்பாதி மட்டும் போகவில்லை. அது பேருந்துக்கும் பனைமரத்துக்கும் பயன்படுகிற எளிய வினை.

"எதுல வே?" என்றது இன்னொரு குரல்.

"செங்கோட்டை பஸ்ஸுல."

கூட்டம் சிரித்தது. பலவேசம் சிரிக்கவில்லை. "தமிழம்மா, வேற சொல்லு எதாவது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

வேறு சொற்கள் தமிழில் உண்டு, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். பதவியேற்றார் என்றேன். அது கவர்மெண்டுச் சொல்லு, அதுக்குக் கைதட்டவா முடியும் என்றார் சங்கரபாண்டி. பொறுப்பேற்றார் என்றேன்; எங்கேயோ வெடி வெடித்ததற்கு எவனோ பொறுப்பேற்றுக்கொண்டதுபோல் இருக்கிறதென்று பெண்கள் பக்கத்திலிருந்து மறுப்பு வந்தது. முடிசூடினார் என்றேன், எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று, பலவேசம் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இறுதியில் முப்பிடாதிதான், டீக்கு நேரமாகிறதென்ற அவசரத்தில், "இப்போதைக்கு வேலைக்குச் சேந்துட்டார்னு வச்சுக்கிடுவோம், பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொல்ல, ஊர் ஒப்புக்கொண்டு கலைந்தது.

அன்று முதல் பலவேசம் வேலைக்குச் சேர்ந்தவரானார். நாற்காலியில் அமர முடியாதவருமானார்.

சொல் போனதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளத்தில் ஓராண்டு தாமரை பூக்காவிட்டால் எடுத்துக்கொள்கிற அளவுக்கே எடுத்துக்கொண்டது. வெளியூர்களில் அச்சொல் இருந்தது, ஆனால் எங்கள் ஊரார் காதில் அது விழும்போதெல்லாம் ஒரு லாரி ஒலிப்பானை அடித்துக்கொண்டு கடந்து போனது. சங்கரபாண்டி தென்காசிக்குப் போய், தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். குளத்துக்கரையில் ஊரெல்லை தாண்டியதும் பிரித்துப் பார்த்தால், தாள் சலவை செய்த வேட்டிபோல வெறுமையாக இருந்தது. பாடநூலில் மன்னர் வரலாற்றுப் பக்கங்களில் உண்டான இடைவெளிகளில் மாணவிகள் மல்லிகை இதழ் ஒட்டிவைத்தார்கள். தேர்வில், மன்னன் ஆட்சியைத் தொடங்குவதைக் குறிக்கும் சொல் யாது என்ற வினாவுக்கு வகுப்பு முழுவதும் வெற்றிடம் விட்டிருந்தது. அதுவே சரியான விடை ஆகையால் முழு மதிப்பெண் வழங்கினேன்.

முன்பே அச்சொல்லைப் பெற்று அமர்ந்துவிட்டவர்களுக்குத்தான் சங்கடம். தங்கள் இருக்கைக்கு அடியில் ஒரு கால் குறைந்ததுபோல அவர்கள் உணர்ந்தார்கள். சங்கரபாண்டி அரைகுறையாக எழும்பி நின்றார், பொருளாளர் முழுதாகவே எழும்பினார், சாவிக்கொத்து வைத்திருந்த மருமகள் அதை ஆணியில் மாட்டிவிட்டுத் திண்டாடினாள், காவல் நிலைய நாய்கூட வாசலைவிட்டு வேப்பமரத்தடிக்கு மாறியது. கூட்டங்கள் நின்றபடி நடந்தன. நிற்பவர்கள் வெகுநேரம் வாழ்த்திப் பேசமாட்டார்கள் என்பதால், கூட்டங்கள் டீ வருமுன் முடிந்தன.

பலவேசம் ஒரு படி மேலே போனார். அலுவலக நாற்காலி மட்டுமன்றி எந்த நாற்காலியும் வேண்டாமென்று வைராக்கியம் கொண்டார். முடிதிருத்தும் கடைக்காரர் முக்காலியில் ஏறி நின்று அவருக்குச் சவரம் செய்தார். காலியான பேருந்திலும் அவர் கம்பியைப் பிடித்து நின்றார். கல்யாண வீடுகளில், மேசையும் நாற்காலியும் போட்ட பந்தியருகே அவர் நிற்பதைப் பார்த்த வெளியூர் உறவினர்கள், பரிமாற வந்தவர் என்று எண்ணிச் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தார்கள். அவரும் பரிமாறினார், நன்றாகவே பரிமாறினார். அலுவலகத்தில் நிற்கிறவருக்குச் சுவரில் சாய்வதைத் தவிர வேறு கதியில்லை. சாய்ந்த இடத்தில் சன்னல் இருந்தது. சன்னல் வழியே மேல்நிலைத் தொட்டி ஒழுகுவது தெரிந்தது. அமர்ந்திருந்தால் தெரியாது, தளவாய்க்கு அத்தனை ஆண்டும் தெரியவில்லை. நிற்கிற கால் நடக்கத்தானே கேட்கும், அவர் நடந்தார். தொட்டி அடைபட்டது, கீழத்தெருவுக்குத் தண்ணீர் வந்தது, சுடுகாட்டுப் பாதையில் விளக்கு எரிந்தது. மாவட்ட அலுவலகத்தில் அவர் அமர மறுத்ததால் அதிகாரியும் எழுந்து நின்று மனுவைப் படிக்கவேண்டியதாயிற்று. நின்றுகொண்டு படிக்கிறவர் விரைவில் கையெழுத்திடுவார்.

ஊர் இதைக் கண்டது. மகிழ்ந்தது. ஆனால் பலவேசம் மகிழவில்லை. நாள்தோறும் காலையில் அவர் பள்ளி வாசலுக்கு வருவார்.

"வந்துட்டா, தமிழம்மா?"

"இன்னும் வரவில்லை."

"வந்தா சொல்லுவீகள்லா?"

"சொல்வேன்."

ஒரு காலைவிட்டு மறு காலுக்கு உடலை மாற்றிக்கொண்டு போவார். அவருடைய முழங்கால்கள் வீங்கியிருந்தன. சாயங்காலங்களில் ஆவுடையம்மாள் கற்பூர எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டு, தெருவில் போகிறவர்கள் கேட்கும்படி சொல்லுவார்: "வாக்கரிசி போடுத வரைக்கும் நின்னுக்கிட்டே இருங்க. அன்னைக்காவது படுத்துத்தான ஆகணும்?"

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, சொல் வந்தது.

பல்லிடுக்கில் சிக்கிய ஏலக்காய் விதைபோல அது நாவின் ஓரத்தில் இருந்தது. வாயைக் கொப்பளித்தேன்; அப்போதும் இருந்தது. தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டார் வாயை இறுக மூடியபடி நின்றார். பால்காரர் மணியை அடித்தாரே தவிரக் குரல் கொடுக்கவில்லை. முப்பிடாதி டீயை ஆற்றிக்கொண்டே, வந்தவர்கள் கண்ணைப் பார்க்காமல், குவளையைப் பார்த்தார். அச்சொல் அவ்வேளையில் நெடுங்கரையின் எல்லா வாய்க்குள்ளும் வந்திருந்தது. ஒருவரும் ஒருவரோடும் கலந்து பேசவில்லை. ஆனால் ஊர் முழுவதும் ஒருமனதாக, வராததுபோல் நடித்தது. பேனர்களின் வெள்ளைப் பட்டைகள் நிரம்பிவிட்டதைக் கண்ட சங்கரபாண்டி, பசை வாளியோடு ஓடி, ஒவ்வொன்றின் மேலும் பழைய சினிமாச் சுவரொட்டியை ஒட்டினார். பலவேசத்தின் பேனருக்கு மட்டும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. அதில் பட்டை வெள்ளையாகவே இருந்தது.

முப்பிடாதி கீழத்தெருப் பெண்கள் சிலரோடு பள்ளிக்கு வந்தார்.

"தமிழம்மா, வந்துட்டுன்னு சொல்லிராதீக. அவுக உக்காந்துட்டா எங்க தெரு பைப்பும் உக்காந்துரும்."

"அவர் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டேன்."

"ஒரு சின்னப் பொய்யி. உங்க புஸ்தகத்துல அதுக்கு எடமே இல்லையா?"

அதற்கு நான் மறுமொழி சொல்லுமுன் ஆவுடையம்மாள் வந்துவிட்டார். "நல்லாருக்கு நியாயம்! உங்க குடத்துக்கு எம் புருசன் முட்டியா? அந்த மனுசன் தூங்கையிலகூடக் கால் நடுங்குது. சொல்லுங்க, தமிழம்மா. இன்னைக்கே சொல்லி உக்கார வைங்க." பெண்கள் தலைகுனிந்தார்கள், ஆனால் குடங்களைக் கீழே வைக்கவில்லை.

பலவேசம் அன்று வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார்.

"வந்துட்டா?"

"வந்துவிட்டது."

"எப்போ?"

"பல் துலக்கும்போது."

"எனக்கும் அப்பத்தான்." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யாராவது சொல்லுவாகன்னு ஊரைச் சுத்தி வந்தேன், தமிழம்மா. எல்லாரும் வாய்க்குள்ள கொழுக்கட்டையை வச்சவுக மாதிரி நிக்காக. எங்கிட்ட என்ன கோவம்?"

"கோபமில்லை. அமர்ந்துவிடுவீர்கள் என்ற அச்சம்."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, பிள்ளைகள் பரிசு கேட்கிற குரலில், "எனக்கு அது வேணும்" என்றார். "யார் என்ன சொன்னாலும் வேணும். என் போர்டுல மட்டும் வெள்ளையா இருக்கு, மழை பட்டிருக்கும். நாளைக்குக் காலையில சொல்லுங்க."

அவர் கேட்க உரிமையுடையவர். சொல்வது என் வேலை. மறுநாள் ஊர் கூடியது. பெரிய காரியத்துக்கு வந்ததுபோல் முகங்கள் இருந்தன. நாற்காலி மீண்டும் படிமேல் வைக்கப்பட்டது. தூசியைத் தட்டக்கூட எவரும் முன்வராததால் பலவேசமே தட்டினார். அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் படியில் ஏறினேன்.

"நெடுங்கரை ஊராட்சியின் தலைவராகத் திருமிகு பலவேசம் அரியணையேறினார்."

எத்தனையோ முறை சொன்ன சொல். அன்று அது புதுப்பானைபோல் ஒலித்தது. குளத்தில் கொக்குகள் எழும்பின. மூடியிருந்த அவர் கண்களின் ஓரத்தில் நீர் தெரிந்தது. பிறகு முழக்கத்துக்கான இடம் வந்தது. அந்த இடம் காலியாகவே இருந்தது. ஊர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏறினார்!"

ஒரே குரல். ஆலமரத்தடியிலிருந்து வந்தது. பலவேசம் கண்ணைத் திறந்தார்.

"யாரு, தளவாய் அண்ணாச்சியா?"

"நாந்தான் வே. இன்னும் ரெண்டு தடவை சொல்லுதேன், நிம்மதியா உக்காரும்."

"நீரு எதுக்கு வே சொல்லுதீரு?"

"நானும் உக்காந்துதான தோத்தேன்? நீரும் உக்காரும்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அடங்கியது. பலவேசத்தின் கை நாற்காலியிலிருந்து எடுபடவுமில்லை, அதை இழுக்கவுமில்லை. "நிறுத்தும்" என்றார். "ஒத்தைக் குரல்ல ஏறுததுக்கா நான் இம்புட்டு நாளும் முட்டி வீங்க நின்னேன்? ஏன் வே, உங்களுக்கெல்லாம் வாயில்லையா?"

"வாயிருக்கு, அண்ணாச்சி" என்றார் முப்பிடாதி. "ஆனா நீங்க உக்காந்துட்டா, பொறவு என்ன இருக்கு?"

அவர் நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பின்னர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டிராத ஒன்று இருந்தது, தொழில் தெரிந்தவன் தன் வேலையில் ஒரு கோணலைக் கண்டுகொண்ட முகம்.

"எடம் மாறிப்போச்சு, தமிழம்மா. இது கடைசிக் காட்சிக்குள்ள வசனம்லா? விடிய விடிய ராசா காட்டுல அலைவான், பிச்சையெடுப்பான், அப்பெல்லாம் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். நான் கோலை ஊணி இந்த வசனத்தைச் சொன்ன ஒடனே பாயை உதறிட்டு வீட்டுக்குப் போயிருவாக. மங்களம் பாடக்கூட ஆளிருக்காது. வருசா வருசம் நானே சொல்லி நானே பாத்திருக்கேன். அதை இங்க மொதக் காட்சியிலயே சொல்லிக்கிட்டிருக்கோம். தளவாய் அண்ணாச்சிக்கு மொத நாளே நாடகம் முடிஞ்சுபோச்சு. பாவம், அவுக என்ன செய்வாக?"

"என்னைய ஏன் வே இழுக்கீரு?" என்றார் தளவாய்.

"அதனால அந்தச் சொல்லை நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் பலவேசம் ஊரைப் பார்த்து. நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். எடுத்தது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. "எம் பதவி முடியுத அன்னைக்குச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கு முழக்கம் அடுத்த ஊருல கேக்கணும். இப்படி ஊமைக்கோட்டான் மாதிரி நின்னீகன்னா நடக்கதே வேற."

"அன்னைக்கும் சொல்லத் தோணலைன்னா?" என்று கேட்டார் சங்கரபாண்டி, முந்தைய நாளின் பசை போகாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு.

பலவேசம் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. "தோணலைன்னா சொல்லவேண்டாம். நான் கட்டியக்காரனாவே போயிருதேன்."

அப்போது எழுந்த ஓசைக்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஊரில் கேட்டிருக்கும். அது அடங்குமுன் ஆவுடையம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கு வந்தார்.

"எல்லாம் சரி. முட்டிக்கு என்ன முடிவு? அதைச் சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அதற்கும் முடிவு செய்யப்பட்டது. அன்றும் அதற்குப் பின்னும் ஊரால் உறுதிசெய்யப்பட்ட செய்திகள் பின்வருமாறு.

நாற்காலி என்பது முதுகு சாய்கிற இருக்கையை மட்டுமே குறிக்கும். டீக்கடைப் பெஞ்சு, குளத்துப் படிக்கல், ஆட்டோவின் பின்னிருக்கை, வெட்டுண்ட தென்னையின் அடிமரம் ஆகியவற்றில் தலைவர் அமரலாம். இத்தீர்ப்பு ஆவுடையம்மாளுடையது, மேல்முறையீடு இல்லை. முழங்கால் வீக்கம் அடுத்த கொடைக்குள் வடிந்தது.

அலுவலக நாற்காலி முதியோர் உதவித்தொகைக்கு வந்து காத்திருப்போருக்கென்று தாழ்வாரத்தில் போடப்பட்டது. அதில் பெரும்பாலும் தளவாய் அமர்கிறார். எவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அரியணையேறினார் என்னும் சொல் பேனர்களில் அச்சிடப்படுவதில்லை. ஆட்டோ சங்கத்துக்கும் வகுப்புத் தலைவிக்கும் வந்தார் என்பதே போதுமானது. காவல் நிலைய நாய் வாசலுக்குத் திரும்பிவிட்டது; அதற்கு எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.

அந்த வாக்கியம் நெடுங்கரையில் பதவியின் இறுதி நாளில் சொல்லப்படுகிறது. ஊருக்குத் தோன்றினால் மட்டுமே சொல்லப்படுகிறது.

பலவேசத்தின் இறுதி நாளன்று அவர் படியில் இல்லை. மேலத்தெரு ஓடையில் அடைப்பென்று போனவரைக் கூட்டிவர சங்கரபாண்டி ஆட்டோவோடு போனார். சேறு படிந்த காலோடு அவர் வந்து நின்றதும் நான் தொடங்கினேன். அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்; எனக்குரிய சொல்லை எனக்கு விட்டுவைக்காமல் ஊரே அதைச் சொல்லிவிட்டது, பின் முழங்கவும் செய்தது. வரிசைமுறை தவறியதென்று குறித்துக்கொண்டேன். கண்டிக்கவில்லை. தளவாய் எழுந்து நாற்காலியைக் கொடுக்க, பலவேசம் அமர்ந்தார். முப்பிடாதி டீ கொண்டுவந்தார். டீ ஆறியது; அவர் குடிக்கவில்லை, ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியில் பட்ட சேற்றைத் துண்டால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஊரார் ஒருவரும் பாயை உதறவில்லை.

பேருந்து நிலையத்தில் அவருடைய பேனர் இன்றும் இருக்கிறது. ஐந்தாண்டு வெயிலில் முகம் வெளுத்து, பெயர் வெளுத்து, சீப்பும் வெளுத்து, முழுவதும் வெறுந்துணியாகிவிட்டிருந்த அதில், அன்று மாலை வெள்ளைப் பட்டையின் இடத்தில் மட்டும் எழுத்து வந்தது. அரியணையேறினார் என்று இருக்கிறது. யார் என்று இல்லை. வெளியூர்ப் பயணிகள் புதுப்படத்தின் பெயரென்று எண்ணி எந்தத் தியேட்டரில் என்று கேட்கிறார்கள். ஊரார் விளக்கம் சொல்வதில்லை. ஆவுடையம்மாள் மட்டும், காய்கறிப் பையோடு அதைக் கடக்கும்போதெல்லாம் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, முகம் அழிந்ததும் நல்லதுக்குத்தான், அந்த மீசை அவுகளுக்கு எடுப்பாவே இல்லை என்கிறார்.